நாலில் ஒரு வயல்

அக்டோபர் 6

குட்டைத் திட்டத்து மேடம் எழிலரசி இன்று இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தேதி, நீர்மட்டம், குறிப்பு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறது. குட்டைக்கு நடுவில் நட்டிருக்கும் அளவுக்கம்பைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று எழுத வேண்டும். அறுவடை முடிந்ததும் நோட்டை வாங்கிக்கொள்வாராம். குறிப்பில் என்ன எழுத என்று கேட்டேன். மனதில் பட்டதை எழுதுங்கள் என்றார். என் மனதில் படுவதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

என் பெயர் நாகவள்ளி. வயது நாற்பத்தெட்டு. படிப்பு பத்தாவது, கணக்கில் மட்டும் தவறிவிட்டேன். நிலம் இரண்டு ஏக்கர். அதில் கால் ஏக்கரைச் சித்திரையில் குட்டையாகத் தோண்டினேன். நெல் விளைகிற மண்ணைத் தோண்டித் தவளைக்கு வீடு கட்டுகிறாள் என்று ஊர்ப் பெரியவர் ஆதிமூலம் டீக்கடையில் சொன்னாராம். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறார், மூன்று வருடமாக. குட்டை ஒரு வெள்ளாமையைக் காப்பாற்றிக் காட்டட்டும், அப்புறம் ஊருக்கு வருவதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.

நீர்மட்டம்: ஒன்றுமில்லை. புழுதியில் விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் 11

நேற்றும் இன்றும் மழை. இரண்டடி. விதை முளைத்துவிடும்.

அக்டோபர் 28

ஏழடி. நிரம்பி வழிந்துவிட்டது.

இரண்டே நாளில் ஒரு மாத மழையைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. வரப்பெல்லாம் உடைந்து, மண்வெட்டியோடு அலைந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். இவ்வளவு பெய்தும் கண்மாயில் கால்வாசிதான் தண்ணீர். மேற்கே பெய்தால்தான் ஓடை ஓடும், ஓடை ஓடினால்தான் கண்மாய் பெருகும். மழை நம் தலைக்கு நேரே நின்று பெய்துவிட்டு, அப்படியே கடலுக்குப் போய்விட்டது. ஐந்தாறு வருடமாக இதே கூத்துதான். வந்தால் அடித்துக்கொண்டு போகும், வராவிட்டால் வரவே வராது.

ஆனாலும் ஊர் முழுக்கப் பச்சை. ஆதிமூலத்தின் வயல்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது. எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 20

ஆறேகால். இருபத்து மூன்று நாளாக மழை இல்லை.

டிசம்பர் 3

ஐந்தே முக்கால். கண்மாய் வறண்டு ஆடு நடக்கிறது. வயலில் விரல் போகிற அளவு வெடிப்பு.

டிசம்பர் 5

இன்று முதல் தண்ணீர் இறைத்தேன். என்னிடம் எஞ்சின் கிடையாது. பக்கத்து வயல்காரர் வழிவிட்டான் அண்ணனிடம் ஒரு பழைய ஆயில் எஞ்சின் இருக்கிறது. அவருக்கு ஐந்து ஏக்கர், எல்லாம் கண்மாயை நம்பி. கண்மாயில் இறைக்கத் தண்ணீர் இல்லாததால் எஞ்சின் சும்மா கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டேன். "டீசலை மட்டும் ஊத்திக்க தாயி" என்று சொல்லிவிட்டு, எஞ்சினை மொபெட்டில் கட்டிக் கொண்டுவந்து, அவரே இறக்கி, குழாய் மாட்டி, ஓட்டியும் கொடுத்தார். சாயங்காலம் வரை வரப்பில் உட்கார்ந்து மடை மாற்றிவிட்டார். அவர் பயிர் ஒரு வரப்பு தள்ளி வாடிக்கொண்டிருக்கிறது. அதை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவர் வயலுக்கும் ஒரு தண்ணீர் விடுகிறேன் என்று வாய் வரை வந்தது. ஐந்து ஏக்கருக்கு விட்டால் குட்டையே காலி. பேசாமல் இருந்துவிட்டேன்.

நீர்மட்டம் நாலரை.

டிசம்பர் 16

இரண்டாம் தண்ணீர். மூன்றேகால். வழிவிட்டான் அண்ணன்தான் வந்தார்.

டிசம்பர் 21

ஆதிமூலம் இன்று வயலில் ஆட்டை இறக்கிவிட்டார். இனி பயிர் தேறாது என்று தெரிந்தால் ஆடாவது தின்னட்டும் என்று விட்டுவிடுவது எங்கள் பக்க வழக்கம். கதிர் வராத நெல்லை ஆடு மேயும் சத்தம் என் வயல் வரை கேட்டது. அவர் வரப்பில் குத்தவைத்து, தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

மேய்ந்த ஆடுகள் தாகத்துக்கு என் குட்டைக்கு வந்தன. விரட்டத்தான் கம்பை எடுத்தேன். வாய் வைத்த பிறகு எப்படி விரட்ட?

டிசம்பர் 27

மூன்றாம் தண்ணீர். பொதியில் இருக்கிறது பயிர், கதிர் இன்னும் தாளுக்குள்தான், ஒரு வாரத்தில் வெளியே தள்ளிவிடும். நீர்மட்டம் ஒன்றே முக்கால்.

வழிவிட்டான் அண்ணன் இன்று வழக்கம்போலப் பேசவில்லை. வெற்றிலை கொடுத்தேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உடம்புக்கு ஆகவில்லையோ என்னவோ.

ஜனவரி 1

கதிர் வந்துவிட்டது. மயிலும் வந்துவிட்டது.

ஜனவரி 5

நாலாம் தண்ணீர், பால் பிடிக்கிற நேரத்துக்குச் சரியாக. அரையடிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருக்கிறது. ஒரு தூரில் பன்னிரண்டு கதிர் எண்ணினேன். ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டைக்குக் குறையாது. போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நெசமாவா வள்ளி?" என்றார். அந்தக் குரலை நான் கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஜனவரி 6

தலையாரி சோலையப்பன் வீடு தேடி வந்தார். பயிர்க் காப்பீட்டுக்கு அளந்து பார்க்கும் வயல்களில் என் வயலும் விழுந்திருக்கிறதாம். இம்மாதம் இருபத்தொன்பதாம் தேதி வருவார்களாம். ஊருக்கு நாலு வயல். எந்தச் சர்வே நம்பர் என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு எடுக்கும். நாலு வயலிலும் ஐந்து மீட்டர்ச் சதுரத்துக்குக் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் அதுதான் ஊரின் விளைச்சல். ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வந்தால் காப்பீடு கட்டிய எல்லாருக்கும் இழப்பீடு. மேலே போனால் ஒருவருக்கும் இல்லை.

வரட்டும், என் வயலையும் நாலு பேர் பார்க்கட்டும் என்றேன். எவ்வளவு நாள் ஆசை! சோலையப்பன் முகம் சரியில்லை. காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 8

இப்போது புரிகிறது சோலையப்பன் முகம் ஏன் சரியில்லை என்று.

சாயங்காலம் ரேஷன் கடைத் திண்டில் ஊர்க்காரர்கள் முப்பது பேர் கூடியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆதிமூலம்தான் பேசினார். அந்தக் கோடு கடந்த ஏழு வருட விளைச்சலைப் பார்த்துப் போடுவதாம். ஏழில் நாலு வருடம் பொய்த்துப் போனதால், கோடும் இறங்கி இறங்கி இப்போது ஏக்கருக்கு ஐந்து மூட்டையில் நிற்கிறது. மற்ற மூன்று வயலிலும் ஒன்றும் இல்லை, காய்ந்த தாள்தான் நிற்கிறது. என் வயலில் இருபத்திரண்டு. கணக்கில் தவறியவள்தான் நான், ஆனாலும் இருபத்திரண்டை நாலால் வகுக்க வந்தது. ஐந்தரை.

அரை மூட்டையில் நூற்று அறுபது குடும்பத்துக்கு இழப்பீடு போகிறது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். கதிர் முற்றும் முன்பே அறுத்துவிடு என்றார். அறுத்த வயலில் அளக்க மாட்டார்கள், அடுத்த சர்வே நம்பருக்குப் போய்விடுவார்கள். என் நஷ்டத்துக்கு ஊர் கூடி ஈடு செய்யும் என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. குட்டை வெட்டும்போது சிரித்தவர்கள், இப்போது அதில் விளைந்ததற்கு விலை பேசுகிறார்கள். மாட்டேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதினால் நோட்டு அழுக்காகிவிடும்.

ஆதிமூலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏத்தா, நீ பொய் சொல்லல. உன் வயலும் பொய் சொல்லல. ஆனா நாலு வயலப் பாத்து ஊர எடை போடுறாக. அந்த நாலுல ஒன்னு ஊரு இல்ல, உன் குட்டை. ஊரு காஞ்சு கெடக்கிறது நெசந்தான?"

எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் பதில் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.

வழிவிட்டான் அண்ணன் கூட்டத்துக்கு வரவில்லை.

ஜனவரி 9

இந்த நோட்டை இனி மேடத்திடம் கொடுக்க முடியாது. கடையில் வேறு நோட்டு வாங்கி, கோடு போட்டு, நீர்மட்டத்தை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். கையெழுத்து அதில் அழகாக வந்திருக்கிறது.

ஜனவரி 10

மேடம் எழிலரசி வந்தார். வயலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். போட்டோ எடுத்துத் தள்ளினார். ஏக்கருக்கு இருபது மூட்டையைத் தாண்டினால், இந்த ஊருக்கே இருபத்தைந்து குட்டை கேட்டு மேலே எழுதப் போகிறாராம். குட்டையால் வெள்ளாமை தேறும் என்று காட்ட அவருக்கு ஒரு வயல் வேண்டும். அது என் வயல்தான்.

ஓடிப்போய் ஆதிமூலத்திடம் சொன்னேன். இது ஊருக்கும் நல்லதுதானே, அடுத்த வருடம் இருபத்தைந்து குட்டை, அப்புறம் யாரும் இழப்பீட்டுக்குக் காத்துக் கிடக்க வேண்டாமே என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். "அடுத்த வருசக் குட்டை சரி. அது வரைக்கும் சோறு?" என்றார். அவ்வளவுதான்.

அவர் மருமகள் செங்கல் சூளைக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரி 12

இன்று நடந்ததை எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

சோலையப்பனைக் கடைத்தெருவில் பார்த்தேன். நாலு வயல் பட்டியல் எப்போது வந்தது என்று சும்மாதான் கேட்டேன். டிசம்பர் இருபத்தாறு என்றார். வி.ஏ.ஓ. வாசித்தபோது அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். தானும், பட்டா நகல் வாங்க வந்த வழிவிட்டானும் என்றார்.

இருபத்தாறாம் தேதி அவருக்குத் தெரியும். இருபத்தேழாம் தேதி எஞ்சினைக் கட்டிக்கொண்டு வந்து என் வயலுக்குத் தண்ணீர் இறைத்தார். ஐந்தாம் தேதியும் இறைத்தார். ஐந்து ஏக்கருக்குக் காப்பீடு கட்டிய மனுஷன். ஒவ்வொரு மடையாக என் பயிரை நனைத்து, தன் இழப்பீட்டைத் தானே கரைத்திருக்கிறார். எஞ்சின் ரிப்பேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வயலும் காய்ந்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சண்டைக்குப் போவது மாதிரித்தான் போனேன். தெரிந்தும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"பொதியில நிக்கிற பயிருக்குத் தண்ணி இல்லேன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல தாயி. அது நம்ம கணக்கக் கண்டுச்சா."

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்றேன். வந்தால் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும், அதனால் வரவில்லை என்றார். ஊர் முழுக்க என்னிடம் கேட்டது. எல்லாருக்கும் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. கேட்கவே கேட்காத ஆளிடம் என்ன சொல்ல?

அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். இவ்வளவு நல்லவராக இருக்கச் சொல்லி யார் அழுதார்கள்?

ஜனவரி 15

பொங்கல். விடுமுறைக்கு இரட்டைச் சம்பளம் என்பதால் இவர் வரவில்லை. இங்கே பல வீட்டு வாசலில் கோலம் மட்டும்தான் இருந்தது, கரும்பு இல்லை.

சாயங்காலம் வயலில் போய் நின்றேன். கதிர் தலை சாய ஆரம்பித்திருக்கிறது. கிள்ளிப் பார்த்தேன், பால் கெட்டியாகி மாவாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் பதினைந்து நாள்.

யோசித்துப் பார்க்கிறேன். நான் முற்றவிட்டு அறுத்தால், இந்த ஊரில் எல்லாரும் ஐந்தரை மூட்டை விளைவித்தார்கள் என்று ஒரு காகிதம் எழுதப்படும். அது பொய். நான் முன்னாலேயே அறுத்தால், குட்டை வெட்டியும் விளையவில்லை என்று இன்னொரு காகிதம் எழுதப்படும். அதுவும் பொய். இரண்டில் எந்தப் பொய்க்கு நான் கையெழுத்துப் போடுவது? மேடம் வந்து சொன்ன இருபத்தைந்து குட்டையை நினைத்தால் ஒரு பக்கம் நியாயம். ஆதிமூலத்தின் பேரன் பள்ளிக்கூடச் சட்டையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் இன்னொரு பக்கம். இதற்கு நடுவில் நான் ஜெயித்தேன் என்று ஊர் பார்க்க வேண்டும் என்கிற ஆசை வேறு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இருக்கிறது. சித்திரையிலிருந்து இருக்கிறது.

அரையடித் தண்ணீர் குட்டையில். இன்னும் ஒரு நனைப்புக்கு ஆகும்.

ஜனவரி 19

அறுத்தாயிற்று. மயில் தொல்லை தாங்க முடியவில்லை.

ஜனவரி 20

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுதக் கை வரவில்லை.

விடிந்ததும் அரிவாளோடு போனேன். முதல் பிடியை அறுக்கும்போது, தாள் பச்சையாக இருந்ததால் அரிவாள் வழுக்கியது. முற்றிய நெல்லை அறுத்தால் சரசரவென்று சத்தம் வரும். இது வரவில்லை. இரண்டு வரிசை முடித்திருப்பேன், மொபெட் சத்தம் கேட்டது. வழிவிட்டான் அண்ணன் எஞ்சினோடு வருகிறார், கடைசித் தண்ணீர் விட. நான் குனிந்துகொண்டே இருந்தேன்.

வரப்பில் வந்து நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"இன்னும் பன்னண்டு நாளு இருக்கே தாயி."

"மயிலு விடாதுண்ணே."

"நான் காவல் கெடக்கிறேன். ராவும் பகலும் கெடக்கிறேன்."

"வேண்டாம்ண்ணே. போங்க."

அவர் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரத்தில் எஞ்சினை வீட்டில் இறக்கிவிட்டு, அரிவாளோடு திரும்பி வந்து, எனக்குப் பக்கத்து வரிசையில் குனிந்தார். ஒன்பது மணிக்கெல்லாம் பெண்கள் பதினோரு பேர் வந்துவிட்டார்கள். யார் கூப்பிட்டது என்று தெரியாது. அறுப்பு என்றால் எங்கள் பக்கம் வாய் சும்மா இருக்காது, கேலியும் கிண்டலுமாகத்தான் அறுப்போம். நேற்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கூலி என்று ஒருத்தியும் நிற்கவும் இல்லை. மத்தியானத்துக்குள் ஒன்றே முக்கால் ஏக்கரும் மொட்டையாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு தாள் மேல் உட்கார்ந்து அழுதேன். நல்லா அழுதேன். மயிலை நினைத்துத்தான்.

ஜனவரி 22

இவர் போன் செய்தார். அறுத்துவிட்டேன், மயில் தொல்லை என்றேன்.

"மயிலு அருவாளோட வந்துச்சாக்கும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இருபத்தொரு வருடம் கூட வாழ்ந்த மனுஷன். அப்புறம், குட்டையின் கரையை இன்னும் ஒரு முழம் உயர்த்திப் போட்டால் அடுத்த தடவை எட்டரை அடி நிற்கும் என்றார். மாசிக் களரித் திருவிழாவுக்கு வந்து போட்டுத் தருகிறேன் என்றார். களரிக்கு வருகிறவர் சாமி கும்பிட்டுவிட்டு மறுநாள் கிளம்புவார். கரை போட நாலு நாளாவது ஆகும். நான் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

ஜனவரி 29

அளக்க வந்தார்கள். என் வயலைப் பார்த்தார்கள், அறுத்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த நம்பருக்குப் போனார்கள். அடுத்த நம்பர் வழிவிட்டான் அண்ணனுடையது.

காய்ந்த தாளுக்கு நாலு பக்கமும் கயிறு கட்டி, அறுத்து, படுதாவில் அடித்தார்கள். விழுந்ததை ஒரு பையில் போட்டுத் தராசில் வைத்தார்கள். பையின் எடையைக் கழித்தால் கால் கிலோ. காகிதத்தை நீட்டி, விவசாயி கையெழுத்து என்றார்கள். அவர் பேனாவை வாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாற்பது வருடம் நெல் விளைவித்த சம்சாரி, தன் வயலில் ஒன்றும் இல்லை என்று நாலு பேருக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு, "போடக் கூசுச்சு தாயி" என்றார். எனக்காகப் போட்டது மாதிரி சொன்னார்.

இழப்பீடு ஆடியில் வரலாம், ஆவணியில் வரலாம். வரும் என்கிறார்கள்.

பிப்ரவரி 3

நெல் அடித்து முடிந்தது. தூற்றினால் பாதி பதர் பறக்கிறது. எல்லாம் சேர்த்து ஐந்தரை மூட்டை. வைக்கோல் மட்டும் மாட்டுக்கு அமிர்தமாக இருக்கிறது.

ஆதிமூலத்தின் மருமகள் சூளைக்குப் போய்விட்டாள். பேரன் மட்டும் தாத்தாவோடு தங்கிப் பள்ளிக்கூடம் போகிறான். அவள் போகாமல் இருந்துவிடுவாள் என்று நான் நினைத்தது என் முட்டாள்தனம். ஆடி வரைக்கும் யார் காத்திருக்க முடியும்?

பிப்ரவரி 24

மேடம் எழிலரசி வந்தார். ரேஷன் கடைத் திண்டில் உட்கார்ந்து ஊர்க்காரர்களையும் வரச் சொன்னார். நான் புது நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். ஒன்றே முக்கால் ஏக்கரில் ஐந்தரை மூட்டை என்றதும் அவர் முகம் விழுந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு என் வயலில் இறங்கிய பெண். நாலு தண்ணீர் சரியாகத்தானே விட்டிருக்கிறீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டார். மயில் என்றேன். அவர் என்னையே பார்த்தார். நான் அவர் பையைப் பார்த்தேன்.

அச்சடித்த மகசூல் பாரத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, இந்த மகசூலைக் காட்டி இருபத்தைந்து குட்டை கேட்க முடியாது, மேலே கேள்வி கேட்பார்கள் என்று வருத்தமாகச் சொன்னார். யாராவது தாங்களாகவே தனியாக விண்ணப்பம் கொடுத்தால் அனுப்பிவைக்கலாம், ஆனால் இதைப் பார்த்த பிறகு யார் கொடுப்பார்கள் என்றார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது.

வழிவிட்டான் அண்ணன் எழுந்தார். "எனக்கு ஒன்னு எழுதிக்கங்க" என்றார். சர்வே நம்பரைச் சொன்னார், எந்த மூலையில் கால் ஏக்கர் என்றும் சொன்னார். மேடம் அவர் பெயரை எழுதி முடிப்பதற்குள் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் என் வயலுக்கு அரிவாளோடு வந்த பெண்களில் மூன்று பேர், பட்டா அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. மேடம் எழுதிக்கொண்டே போனார். பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

விளையாத குட்டையைப் பார்த்துவிட்டு இத்தனை பேர் ஏன் நிலத்தைத் தோண்டக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காத மாதிரி, மயில் வராமல் இருந்திருந்தால் எத்தனை மூட்டை கண்டிருக்கும் என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்றேன்.

"இருபத்திரெண்டு."

பின்னாலிருந்து ஆதிமூலம்தான் சொன்னார். என்னைப் பார்க்காமல், மேடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஏக்கருக்கு இருபத்திரெண்டு. கொறையாது. அங்கிட்டுப் போறப்ப எல்லாம் வரப்புல நின்னு பாத்துருக்கேன்."

சொல்லிவிட்டு முன்னால் வந்து, தன் பெயரையும் எழுதச் சொன்னார்.

மேடம் அந்த மகசூல் பாரத்தில் எதையும் மாற்றவில்லை. மாற்ற முடியாது. விண்ணப்பங்களை மட்டும் அடுக்கி எண்ணினார், பதினேழு. அவற்றைத் தனிக் கவரில் வைத்துக்கொண்டு, போகும்போது என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனார்.

ஆதிமூலம் தன் வயலில் எந்தப் பக்கம் தாழ்வு, எங்கே தோண்டினால் தண்ணீர் நிற்கும் என்று வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறும் முன் போய்விட்டு வர வேண்டும்.